பாதையில்லாச் சிறுமலைகள்



முத்துக்குளிப்பினால் ஒருகாலத்தில் உலகப் புகழ் பெற்றிருந்த சிலாவத்துறையிலிருந்து வருகின்றவன் நான். எங்கள் ஊரில் மலை இல்லை. மேற்கே கடல், கிழக்கே வயலும் பற்றைக்காடும். தெற்கே, வில்பத்துக் காட்டின் கடலோரத்தில், குதிரைமலை என்று ஒன்று உண்டு. அதுவும் கடலை நோக்கி நிற்கும் செம்மண் மேடேயன்றி மலையன்று. எங்கள் பாடசாலைப் பிள்ளைகளை மலை வரையச் சொன்னால், இரண்டு முக்கோணங்களை வரைந்து நடுவில் சூரியனை வைப்பார்கள். இத்தகைய ஊரான் ஒருவன் மலையேற்றத்தைப் பற்றிப் பேசத் துணிவது உங்களுக்கு வியப்பாயிருக்கலாம். ஆயினும், நடப்பதைப் பற்றியும் பாதையைப் பற்றியும் எங்கள் ஊர் கற்ற பாடம் ஒன்றுண்டு. அதனைச் சொல்லவே வந்தேன்.

மலையேற்றம் என்றதும் சிவனொளிபாதமலை பலருடைய நினைவுக்கு வரும். அங்கே படிகள் உண்டு, விளக்குகள் உண்டு, முன்னே செல்பவரைப் பின்தொடர்ந்தால் உச்சியை அடைந்துவிடலாம். நான் கூறவந்தது வேறு வகை. பெயர்கூடப் பலரறியாத, மரஞ்செறிந்த சிறு குன்றுகளின் உச்சிக்கு, பாதையின்றித் தாமே வழிகண்டு செல்லும் நடை அது.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கலைமாணிப் பட்டத்திற்குப் படித்த நாளிலேதான் எனக்கு இப்பழக்கம் வாய்த்தது. 1952ஆம் ஆண்டு பல்கலைக்கழகம் கொழும்பிலிருந்து பேராதனைக்குப் பெயர்ந்த காலந்தொட்டு, அதன் பின்னே எழுந்து நிற்கும் ஹந்தானைத் தொடர் மாணாக்கரை அழைத்துக்கொண்டேயிருக்கிறது. மாசி, பங்குனியில் அடிவாரத்து நாகமரங்கள் செந்தளிர் விடும். காலை வேளையில் வானம் துலக்கமாயிருக்கும். ஆனால் அந்தத் தெளிவை நம்பிவிடலாகாது. வெயில் ஏற ஏற நிலம் சூடேறி, ஈரக்காற்று மேலெழுந்து முகிலாகத் திரளும். பிற்பகலில் இடியும் மழையும் இறங்கும். ஆதலின் நண்பகலுக்கு முன்னரே உச்சியை விட்டு இறங்கிவிடுதல் இம்மாதங்களுக்குரிய முதல் விதி.

குளிர்நாடுகளில் இளவேனிலின் இயல்பு வேறு. அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலே காட்ஸ்கில் என்னும் மலைகள் உள்ளன. 3500 அடிக்கு மேற்பட்ட அவற்றின் சிகரங்கள் யாவற்றையும் ஏறி முடிப்பவர்களுக்கென 1962ஆம் ஆண்டில் ஒரு கழகமே தோன்றியது. அச்சிகரங்களுள் சிலவற்றுக்கு அமைக்கப்பட்ட பாதை கிடையாது. பனி உருகிய பின்னர், மரங்கள் இலை விடுமுன்னர், வெறுங்கிளைகளினூடே மலையின் வடிவம் தெரியும் சில வாரங்களே அங்கே நடப்பதற்கு உகந்தவை. நமது நாட்டிலோ காடு இலையுதிர்த்து வழிகாட்டுவதில்லை. நிலத்தின் சாய்வைக் காலாலேயே அறிய வேண்டும்.

ஒரு பங்குனியில் நண்பர் ஐவர் ஹந்தானையில் ஏறினோம். எங்கே போகிறோம் என்று எவரிடமும் சொல்லவில்லை. அது எங்கள் முதற்பிழை. மானாப் புல்லை விலக்கியும், காலில் ஏறிய அட்டைகளைத் தட்டிவிட்டும் உச்சியை அடைந்தோம். வழி தவறவேயில்லை. அந்தப் பெருமிதத்தில் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டோம். அது இரண்டாம் பிழை. திடீரென மூடுபனி வந்து சூழ்ந்தது. பத்தடிக்கு அப்பால் நின்ற நண்பனின் முகமும் மறைந்தது. வந்த வழி எதுவென்று ஐவரும் ஐந்து திக்கைக் காட்டினோம்.

அன்று நான் கற்றது இதுதான். மலையிலே ஏறும்போது வழி தவறுவது அரிது; இறங்கும்போது தவறுவதே எளிது. முதுகெலும்புபோல் நீண்ட மேட்டுவரைகள் எல்லாம் மேலே செல்லச் செல்ல ஒன்றையொன்று நெருங்கி உச்சியிற் கூடுகின்றன. கீழே இறங்கும்போதோ அவை பிரிந்து விலகுகின்றன. உச்சியில் பத்தடி பிசகினால் அடிவாரத்தில் வேறோர் ஊரில் நிற்போம். ஓடையைப் பிடித்துக்கொண்டு இறங்கலாம் என்று தோன்றும். ஓடைக்குப் பாறையில் விழுந்தும் போகத் தெரியும், நமக்குத் தெரியாது. ஏறும்போதே அடிக்கடி திரும்பிப் பார்த்து, சாய்ந்த மரத்தையும் பிளந்த பாறையையும் மனத்திற் பதித்துக்கொள்பவனே பத்திரமாய் வீடு திரும்புவான்.

எங்களுள் ஒருவன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். “ஒருவரும் அசைய வேண்டாம், பனி விலகட்டும்,” என்றான். இரண்டு மணிநேரம் நனைந்துகொண்டு இருந்தோம். பனி கிழிந்த ஒரு கணத்தில் கீழே மகாவலி கங்கை தெரிந்தது. பிழைத்தோம்.

இக்கதையை ஆண்டுகள் பல கழித்து எங்கள் பாடசாலையில் ஒரு வகுப்பிலே சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு மாணவி மட்டும் சிரிக்கவில்லை. “சேர், பாதையை விட்டு விலகக்கூடாது என்று நீங்கள்தானே எங்களுக்குச் சொன்னீர்கள்?” என்றாள்.

நேயர்களே, அக்கேள்வி என்னை வாயடைக்கச் செய்தது. 2007ஆம் ஆண்டு போரினால் எங்கள் ஊரும் அயற்கிராமங்களும் இடம்பெயர்ந்தன. போர் முடிந்து மக்கள் திரும்பி வந்தபோது, வளவுகளிலே காடு வளர்ந்திருந்தது. வடக்கே எத்தனையோ ஊர்களில் மண்டையோடு பொறித்த சிவப்புப் பலகைகள் நின்றன. பாதையை விட்டு விலகாதே, அறியாத பொருளைத் தொடாதே என்று ஆசிரியர்கள் நாள்தோறும் ஓதினோம். நாங்கள் அதை ஓதியதில் பிழையில்லை.

அம்மாணவிக்கு நான் கூறிய விடை இது: “மகளே, மலை நம்மை ஏமாற்றுவதில்லை. சாய்வு சாய்வாகவே இருக்கும். பாறை பாறையாகவே இருக்கும். கவனமாய்ப் பார்ப்பவனுக்கு அது உண்மையைச் சொல்லும். மிதிவெடி புதைத்த நிலமோ மனிதனாற் பொய் சொல்லப் பழக்கப்பட்ட நிலம். அங்கே எவ்வளவு கூரிய கண்ணும் பயன்படாது. அந்நிலத்தில் முழந்தாளிட்டு அங்குலம் அங்குலமாய் மண்ணைச் சோதித்து முன்னேறுகிறார்களே, அவர்கள் நடப்பதுதான் பாதையில்லா நடையுள் அரியது. அவர்கள் முடித்துத் தரும்வரை நாம் பொறுத்திருக்க வேண்டும்.”

ஆளெதிர்ப்பு மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017ஆம் ஆண்டில் இணைந்தது. அதன்படி நிலத்தைத் துப்புரவாக்கி முடிப்பதற்குரிய தவணை 2028ஆம் ஆண்டாகும்.

வேறொரு காரணத்தால் மூடப்பட்ட நிலங்களும் உண்டு. அநுராதபுர மாவட்டத்து ரிதிகல மலை 766 மீற்றர் உயரமே. எனினும் 1941ஆம் ஆண்டு முதல் அது கடும் இயற்கை ஒதுக்கிடம். அனுமதியின்றி அக்காட்டினுட் புகலாகாது. ஹந்தானையும் 2010ஆம் ஆண்டில் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. கேட்டறிந்து செல்வதும் கவனத்தின் ஒரு பகுதியே.

பின்னர் ஒரு பங்குனியில், உரிய அனுமதி பெற்று, அவ்விடம் அறிந்த ஒருவரின் துணையோடு, அவ்வகுப்பினரை மலைநாட்டுக்கு அழைத்துச் சென்றேன். மரங்கள் மூடிய சிறிய உச்சி அது. அங்கிருந்து காட்சி எதுவும் இல்லை. “இதுதானா உச்சி?” என்று பிள்ளைகள் ஏமாந்தார்கள். அந்த மாணவி நான்கு பக்கமும் சில அடிகள் நடந்து பார்த்துத் திரும்பி வந்து, “எல்லாப் பக்கமும் இறக்கந்தான், சேர். உச்சி இதுதான்,” என்றாள். இறங்கும்போது அவளே முன்னே நடந்தாள். சாய்ந்த மரத்தடியில் ஒருமுறை நின்று, திரும்பிப் பார்த்து, வலப்புறம் கைகாட்டினாள். அவள் காட்டிய வழி சரியாயிருந்தது.