மீனுக்கும் வழி விடுக!
(காஞ்சிபுரம் நெசவாளர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

பாலாற்றில் தண்ணீரையே காணோம், பட்டுத் தறிக்காரரிடம் மீன் பேச்சு எதற்கு என்று சிரிப்பீர்கள். பாவில் ஓர் இழை அறுந்தால், தறியை நிறுத்தி அதை இணைத்த பிறகுதான் நாடாவை ஓட்டுகிறீர்கள். காவிரியில் அறுந்த இழையை யாரும் இணைக்கவில்லை.

உல்லம் கடலில் வாழும் மீன்; முட்டையிட ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு வரும். 1934-ல் மேட்டூர் அணை எழுந்தது. ஆற்றில் வெள்ளம் அடங்கியது. உல்லம் பிடிப்பும் வீழ்ந்தது. டெல்டாவுக்குத் தண்ணீர் வேண்டும், மின்சாரமும் வேண்டும், நாம் மறுக்கவில்லை. நஷ்டக் கணக்கில் மீனவனை மட்டும் எழுதுவது என்ன நியாயம்?

அமெரிக்காவில் கொலம்பியா நதியின் பான்வில் அணையில் 1938 முதல் மீன் ஏணி இருக்கிறது. சால்மன் படிக்குப் படி தாவி ஏறும். உல்லம் அப்படித் தாவாது. அந்த ஏணியை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்தால் கான்ட்ராக்டருக்குத்தான் லாபம்! நமது மீனுக்குச் சரிவு குறைந்த கால்வாய் வேண்டும். அல்லது கப்பலை ஏற்றுவதுபோல் தண்ணீரோடு மீனை ஏற்றிவிடும் மதகறை வேண்டும். கங்கையில் 1975-ல் இயங்கத் தொடங்கிய பரக்கா தடுப்பணையில் மதகறை வைத்தார்கள். இருந்தும், முன்பு ஆக்ரா வரை சென்ற மீன் மேலே அருகிவிட்டது. விஞ்ஞானிகள் கீழே பிடித்து மேலே விட்டுப் பார்க்கிறார்கள்.

ஏறினால் மட்டும் போதாது. முட்டையிட்ட மீனும் குஞ்சும் கடலுக்குத் திரும்ப வேண்டுமே! டர்பைன் வாயில் கம்பி வலையும் பக்கத்தில் ஒரு வழியும் அவசியம்.

ஆகவே நாம் கோருகிறோம்: இனிக் கட்டும் தடுப்பணை ஒவ்வொன்றின் மதிப்பீட்டிலும் மீன்வழிக்குப் பணம் ஒதுக்குக! எந்த மாதம், எந்தக் கரையோரமாக மீன் ஏறும் என்று அறிந்த மீனவரைத் திட்டக் குழுவில் சேர்த்துக்கொள்க!