ஓடுகளம் எங்கே இருக்கிறது?

காலையில் தேயிலைத் தோட்டத்தில் பெயர் கொடுக்கும் மஸ்டருக்குப் போய், பொழுது சாயும் வரை கொழுந்து பறித்துவிட்டு, அலுப்பைப் பார்க்காமல் இந்தப் பந்தலுக்கு வந்திருக்கும் தாய்மார்களே, முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே!

நம் பிள்ளைகளின் விளையாட்டைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மைதானத்தில் நடப்பதை விட, மைதானத்துக்கு வெளியே நடப்பதைப் பற்றித்தான் நான் அதிகம் பேசப் போகிறேன். எந்தப் பிள்ளை எந்தப் பள்ளிக்காக ஓடுகிறது, அதை யார் முடிவு செய்கிறார்கள், அந்த முடிவில் நியாயம் இருக்கிறதா என்பதுதான் என் பேச்சு.

2024 நவம்பரில் கொச்சியில் கேரள மாநிலப் பள்ளி விளையாட்டுப் போட்டி நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஒலிம்பிக் மாதிரி எல்லா விளையாட்டையும் ஒன்றாகச் சேர்த்து, மாற்றுத்திறன் பிள்ளைகளையும் களத்தில் இறக்கி, வளைகுடா நாட்டுப் பள்ளிகளையும் அழைத்து நடத்தினார்கள். பாராட்ட வேண்டிய காரியம். தடகளத்தில் மலப்புறம் மாவட்டம் முதல்முறையாகப் பட்டம் வென்றது. பள்ளிகளில் கடகசேரி ஐடியல் பள்ளிக்கு முதலிடம். அதில் யாருக்கும் தகராறு இல்லை. தகராறு இரண்டாம் இடத்தில் வந்தது.

திருவனந்தபுரம் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளிக்கு 55 புள்ளி. திருநாவாயா நவமுகுந்தா பள்ளிக்கு 44. கோதமங்கலம் மார் பேசில் பள்ளிக்கு 43. விளையாட்டுப் பள்ளிகளைத் தனியாகத்தான் கணக்கிடுவார்கள், ஆகவே இரண்டாம் இடமும் மூன்றாம் இடமும் தங்களுக்கே என்று அந்த இரண்டு பள்ளிகளும் நம்பியிருந்தன. நிறைவு விழா மேடையில் இரண்டாம் இடம் என்று ஜி.வி. ராஜாவின் பெயரை வாசித்தார்கள். பிள்ளைகள் மைதானத்திலேயே உட்கார்ந்து முழக்கம் போட்டார்கள். போலீஸ் வந்தது, தள்ளுமுள்ளு ஆனது. பிறகு நவமுகுந்தாவும் மார் பேசிலும் அடுத்த ஆண்டுப் போட்டியில் பங்கேற்கவே கூடாது என்று கல்வித்துறை உத்தரவு போட்டது. பள்ளிகள் வருத்தம் தெரிவித்த பிறகுதான் அந்தத் தடை நீங்கியது.

விழா மேடையின் முன்னால் ரகளை செய்வது சரி என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஆசிரியர்களும் அதிகாரிகளும் தீர்த்திருக்க வேண்டிய ஒரு வழக்குக்கு, அடுத்த வருஷம் ஓட வேண்டிய ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கா தண்டனை? போட்டி தொடங்கும் முன் ஒரே ஒரு தாளில், விளையாட்டுப் பள்ளியின் புள்ளி எந்தப் பட்டியலில் சேரும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒட்டியிருந்தால் இந்தச் சண்டைக்கே இடமில்லை. விதி மாறலாம். ஓட்டம் முடிந்த பிறகு மாறக்கூடாது.

சரி, விளையாட்டுப் பள்ளியைத் தனியாக வைக்கத்தான் வேண்டுமா? வேண்டும் என்பதே என் எண்ணம். அரசு விடுதி, அரசுச் சாப்பாடு, சம்பளம் வாங்கும் பயிற்சியாளர்கள், மாநிலம் முழுவதும் சலித்தெடுத்த பிள்ளைகள் என்று இருக்கும் ஒரு பள்ளியையும், வாசலுக்கு வரும் பிள்ளையை எல்லாம் சேர்த்துக்கொள்ளும் ஒரு பள்ளியையும் ஒரே தராசில் நிறுத்தக்கூடாது. அதற்காக விளையாட்டுப் பள்ளியைப் பழிப்பவன் அல்ல நான். 1976இல் கண்ணூரில் பெண்களுக்கான விளையாட்டுப் பள்ளியை அரசு தொடங்கியது. முதலில் சேர்ந்த நாற்பது சிறுமிகளில் பி.டி. உஷாவும் ஒருவர். அங்கே ஓ.எம். நம்பியார் பார்த்துப் பார்த்து வளர்த்த பிள்ளைதான் 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸில் நொடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வெண்கலத்தை இழந்தார். கிழக்கம்பலத்துக்காரர் ஸ்ரீஜேஷ், பன்னிரண்டு வயதில் ஓட்டக்காரனாக ஜி.வி. ராஜா பள்ளிக்குப் போய், ஹாக்கி கோல்கீப்பராகி, இரண்டு ஒலிம்பிக் வெண்கலம் கொண்டுவந்தார். அப்படிப்பட்ட பள்ளிகள் இன்னும் வேண்டும். அவற்றின் வேலை நாட்டுக்கு வீரர்களைத் தருவது. நவமுகுந்தாவோடு கோப்பைக்கு மல்லுக்கட்டுவது அவற்றின் வேலை அல்ல.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதும் அல்ல. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில், ஊர் எல்லை இல்லாமல் எங்கிருந்து வேண்டுமானாலும் பிள்ளைகளைச் சேர்க்கும் பள்ளிகளுக்கு, அவர்களுடைய மாணவர் எண்ணிக்கையை 1.65ஆல் பெருக்கி, அதற்கேற்ற பெரிய பள்ளிகளோடு மோத விடுகிறார்கள். லூயிசியானாவில் 2013இல் அமெரிக்கக் கால்பந்துக் கோப்பையையே, அப்படிப்பட்ட பள்ளிகளுக்கு ஒன்று, மற்றவற்றுக்கு ஒன்று என்று இரண்டாகப் பிரித்தார்கள். ஜப்பானில் உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் என்றால் நாடே வேலையை நிறுத்திவிட்டுப் பார்க்கும். அங்கே பெரிய தனியார் பள்ளிகள் கட்டணச் சலுகை தந்து வெளியூர் ஆட்டக்காரர்களை இழுக்கின்றன என்ற புகார் 2007இல் வெடித்தது. வகுப்புக்கு ஐந்து பேருக்கு மேல் அப்படிச் சேர்க்கக்கூடாது என்று பிறகு வரம்பு வைத்தார்கள்.

அதே ஜப்பானில் 2018இல் நடந்ததை இந்தத் தம்பி தங்கைகள் கேட்க வேண்டும். அகிதா என்ற பனி கொட்டும் மாநிலத்தில் கனாஅஷி என்று ஒரு அரசு வேளாண் பள்ளி. உழவும் தோட்ட வேலையும் கற்றுத்தரும் பள்ளி. அணியில் இருந்தவர்கள் அத்தனை பேரும் அந்த மாநிலத்துப் பிள்ளைகள். வலைவீசிப் பிடித்த ஒருவர்கூட இல்லை. அவர்கள் நாடளாவிய பேஸ்பால் இறுதிப் போட்டிக்கே வந்துவிட்டார்கள். அகிதாவிலிருந்து ஒரு பள்ளி இறுதிக்கு வந்தது 103 ஆண்டுகளுக்குப் பிறகு. இறுதியில் ஒசாகா தோயினிடம் 13க்கு 2 என்று தோற்றார்கள். ஆனாலும் ஜப்பான் முழுவதும் அந்த வருஷம் கொண்டாடியது தோற்றவர்களைத்தான்.

இப்போது நம் மலைக்கு வருகிறேன்.

இடுக்கி ஓட்டக்காரர்களின் மாவட்டம். தொடுபுழாவின் ஷைனி வில்சன், 1984 ஒலிம்பிக்கில் 800 மீட்டர் அரையிறுதிக்குப் போனார். கொம்பொடிஞ்ஞாலின் பீனாமோளும் அவர் தம்பி பினுவும் 2002 பூசான் ஆசிய விளையாட்டில் இருவருமே பதக்கம் வாங்கினார்கள். இதோ, பக்கத்தில் ராஜாக்காட்டை ஒட்டிய முல்லைக்கானத்தின் ப்ரீஜா ஸ்ரீதரன் 2010இல் குவாங்சோ ஆசிய விளையாட்டில் பத்தாயிரம் மீட்டரில் தங்கம், ஐயாயிரத்தில் வெள்ளி. இந்த ஏற்றமும் இறக்கமும் அவர்கள் காலுக்கும் நுரையீரலுக்கும் வலு கொடுத்திருக்கின்றன. ஆனால் மலை கொடுத்த வலுவைப் பட்டை தீட்டிக்கொள்ள நம் பிள்ளைகள் மலையை விட்டு இறங்க வேண்டியிருக்கிறது. ஷைனிகூட கோட்டயம், திருவனந்தபுரம், பாலா என்று போய்த்தான் பயின்றார்.

பாலக்காட்டைப் பாருங்கள். முண்டூரில் கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவர் பி.யு. சித்ரா. உள்ளூர்ப் பள்ளியிலேயே சிஜின் மாஷ் என்ற ஆசிரியர் அவரைப் பயிற்றுவித்தார். 2017இல் புவனேசுவரத்தில் 1500 மீட்டரில் ஆசியத் தங்கம். பக்கத்தில் பறளிப் பள்ளி, அந்தப் பக்கம் குமரம்புத்தூர் கல்லடிப் பள்ளி. வீட்டுக்கு எட்டும் தூரத்தில் பள்ளி, பள்ளியில் விடாப்பிடியான ஒரு மாஷ். பாலக்காடு மாநிலப் பட்டத்தை மறுபடி மறுபடி வென்றதன் ரகசியம் இதைவிடப் பெரிதாக ஒன்றுமில்லை.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்கிறார்கள். உண்மைதான், சட்டத்தில் உண்டு. பிளஸ் ஒன்னில் ஸ்போர்ட்ஸ் கோட்டா உண்டு, கிரேஸ் மார்க் உண்டு. ஆனால் தோட்டத்து லய வீட்டில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு அந்த உரிமை எப்படி வந்து சேர்கிறது? பதினோரு, பன்னிரண்டு வயதில் பிள்ளையைக் கோதமங்கலத்து விடுதியில் விட வேண்டும். கேப் ரோடு தாண்டி, மூணாறு தாண்டி, அடிமாலி தாண்டி, நேரியமங்கலம் இறங்கிப் போக வேண்டும். பார்த்து வர அம்மா லீவு போட்டால் அன்றைய கூலி போச்சு. இன்னொன்றும் இருக்கிறது. இந்தப் பிள்ளை இங்கே தமிழில் படிக்கிறது, எஸ்.எஸ்.எல்.சி. தேர்வையும் தமிழிலேயே எழுத வழியுண்டு. கீழே போனால் பாடமொழி மாறுகிறது. காலையில் ஆறு மணிக்கு ஓடிவிட்டு, பத்து மணிக்குப் புரியாத மொழியில் கணக்குப் படிக்கும் பிள்ளை எத்தனை நாள் தாங்கும்? போடிமெட்டு இறங்கித் தேனிப் பக்கம் சேர்த்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அங்கே மொழி நம் மொழி, விளையாட்டு விடுதிகளும் நன்றாக நடக்கின்றன. ஆனால் வீட்டை விட்டுப் போவது அதிலும் போவதுதான்.

பெரிய பள்ளிகள் நம் பிள்ளைகளைக் கொண்டுபோகின்றன என்று குறை சொல்ல என் நாக்கு வராது. அவை சோறு போட்டு, ஷூ வாங்கிக் கொடுத்து, ஆளாக்கி அனுப்புகின்றன. வெளியூர்ப் பள்ளியில் சேர்ந்தால் ஒரு வருஷம் ஓடக்கூடாது என்று விதி வைக்கலாம் என்று பேசுகிறவர்கள் உண்டு. அதை நான் எதிர்க்கிறேன். அந்த விதி பெரிய பள்ளியைத் தொடாது. வழியில்லாமல் வீட்டை விட்டுப் போன பிள்ளையைத்தான் அடிக்கும். வயதைக் குறைத்துக் காட்டும் மோசடி வேறு. அதில் இரக்கம் காட்டவே கூடாது. பதினாறு வயதுப் பிள்ளையின் பக்கத்துப் பாதையில் இருபது வயதுக்காரனை நிறுத்துவது திருட்டு.

நான் கேட்பது இரண்டு. ஒரு பிள்ளை எட்டாம் வகுப்பு வரை படித்தது இங்கே சூரியநெல்லியில், ஓடியது கோதமங்கலத்துக்காக என்றால், புள்ளியில் ஒரு பங்கு முதல் பள்ளிக்கும் வரட்டும். வளர்த்த பள்ளியின் பெயர் பட்டியலில் ஏறினால், அந்தப் பள்ளிக்கு ஒரு பி.டி. மாஸ்டர் கேட்க நமக்கு வாய் கிடைக்கும். இப்போது அந்தப் பணியிடத்தை மாணவர் எண்ணிக்கையையும் பாடவேளையையும் பார்த்துத் தருகிறார்கள். தோட்டத்துச் சின்னப் பள்ளிகள் அந்தக் கணக்கில் எப்போதும் தோற்கின்றன. மலைப்பள்ளிகளுக்கு அந்தக் கணக்கைத் தளர்த்துங்கள். ஒரு பள்ளிக்கு முழு ஆசிரியர் முடியாதென்றால், மூன்று பள்ளிக்கு ஒருவரையாவது போடுங்கள்.

இரண்டாவது, மைதானம். விளையாட இடமில்லாத பள்ளியை மூடவும் தயங்கக்கூடாது என்று 2024 ஏப்ரலில் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. நம் பள்ளியை மூடச் சொல்லி நான் கேட்கவில்லை, இடம் கொடு என்று கேட்கிறேன். சரிவில் தேயிலை வைக்கத் தெரிந்த மலையில், 200 மீட்டர் சுற்றுப்பாதைக்குச் சமதளம் வெட்ட முடியாதா? மூணாற்றில் எஸ்டேட் அணிகள் மோதும் ஃபின்லே கால்பந்துக்கு வேலை முடித்த கையோடு ஓடிப்போய் நின்று பார்த்த தலைமுறைகள் நம்முடையவை. தோட்டத்துக்காரனுக்கு விளையாட்டு தெரியாது என்று யாரும் நம்மிடம் சொல்ல முடியாது. நிலம் கம்பெனியிடம் இருக்கிறது, அனுமதி அரசிடம் இருக்கிறது, திட்டப் பணம் பஞ்சாயத்திடம் இருக்கிறது. மூன்று பேரையும் ஒரே மேசைக்கு அழைக்கும் வேலை நம்முடையது.

வரும் கிராமசபைக்கு இந்தப் பந்தலில் இருப்பவர்கள் எல்லோரும் வர வேண்டும். மைதானமும் உடற்கல்வி ஆசிரியரும் கேட்டு எழுதிய மனுவை வாசிக்கப் போவது இந்த முன்வரிசையில் இருக்கும் ஒரு தங்கை. அவள் வாசித்து முடிக்கும்வரை யாரும் எழுந்து போகாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் அது ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.