விசுவாசம் வீதிக்கு வரட்டும்



மெர்கோங் வட்டாரத் தமிழர்கள் கூடியிருக்கிற இந்த அவையில் இந்துக்கள் இருக்கிறீர்கள், இஸ்லாமியத் தமிழர்கள் இருக்கிறீர்கள், என்னைப் போன்ற கத்தோலிக்கர்களும் இருக்கிறோம். இங்கே எனக்குத் தந்த தலைப்பு: “இந்தக் காலத்தில் கத்தோலிக்கராக வாழ்வதற்கு அர்த்தம் உண்டா?” இதைக் கேட்பது நம் வீட்டுப் பிள்ளைகள். “படிப்பு இருக்கிறது, வேலை இருக்கிறது, கோவிலுக்குப் போய் எனக்கு என்ன ஆகப்போகிறது?” என்கிறார்கள். அதட்டி வாயடைத்துப் பயனில்லை. பதில் சொல்லியாக வேண்டும்.

என் பதில்: உண்டு. யாருக்கு யாருமில்லையோ, அவர் பக்கத்தில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிற வரைக்கும் உண்டு.

நமக்குப் பக்கத்திலேயே இருக்கிற கோல கெடாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1779இல் சயாம் மன்னரால் நாடு கடத்தப்பட்டவர் கார்னோ என்கிற பிரெஞ்சுக் குரு. போக்கிடம் தேடியவருக்கு இந்தக் கெடா மண் இடம் கொடுத்தது. போர்த்துகீசிய வம்சாவளிக் கத்தோலிக்கர்களோடு அங்கே ஒரு சிறு சபை உருவானது. 1786இல் ஆங்கிலேயர் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கால் வைத்தபோது அந்தச் சபைதான் அங்கே குடிபெயர்ந்து, மாதா விண்ணேற்புக் கோவிலைத் தொடங்கியது. ஆக, ஒரு முஸ்லிம் சுல்தானின் நாட்டில் அகதியாக வந்து வேர் பிடித்தது நம் திருச்சபை. அப்படி வந்த நமக்கு, இன்று தொழிற்சாலை விடுதிகளில் தங்கியிருக்கிற நேப்பாளியையும் மியன்மார்க்காரரையும் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ள என்ன உரிமை இருக்கிறது?

1891இல் பாப்பரசர் 13ஆம் லியோ தொழிலாளர்களுக்காக ஒரு சுற்றுமடல் எழுதினார். தொழிலாளி சிக்கனமாகக் குடும்பம் நடத்தப் போதுமான கூலி வேண்டும், சங்கம் அமைக்கும் உரிமை வேண்டும் என்று அதில் சொன்னார். அதே காலத்தில்தான் நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். 2025 மே மாதம் பொறுப்பேற்ற புதிய பாப்பரசர் அதே லியோ என்ற பெயரைத் தேர்ந்துகொண்டார். செயற்கை நுண்ணறிவு தொழிலாளியின் மாண்புக்குச் சவாலாக வந்திருப்பதையும் அதற்குக் காரணமாகச் சொன்னார். அன்று பால்மரக் காட்டில் நின்றவனின் பேரன் இன்று இயந்திரத்தின் முன் நிற்கிறான். நாளை அந்த வேலையும் இருக்குமா என்று அவனுக்குத் தெரியாது. அவனுக்காகப் பேசுகிற குரல் பழங்கதை ஆகிவிடுமா?

நம் கெடா மண் தந்த ஒருவரையும் நினைத்துப் பார்ப்போம். 1932இல் சுங்கை பட்டாணியில் பிறந்தவர் அந்தோணி சோட்டர் பெர்னாண்டஸ். பினாங்கு ஆயராகவும், பிறகு 20 ஆண்டுகள் கோலாலம்பூர் பேராயராகவும் இருந்தவர். 2016இல் மலேசியாவின் முதல் கர்தினால் ஆனார். ஏழை முதியோரைக் கன்னியர்கள் பராமரிக்கும் சேராஸ் இல்லத்தில் 2020 அக்டோபரில் அவர் உயிர் பிரிந்தது. பதவியின் உச்சிக்குப் போனவர் கடைசியில் தங்கிய இடம் அது. இதைவிட நல்ல பிரசங்கம் எனக்குத் தெரியாது.

ஆனால் பெருமை பேசிவிட்டு உட்கார்ந்தால் பிள்ளைகள் நம்மை நம்ப மாட்டார்கள். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் கோவிலுக்குள்ளேயே சாதிச் சுவர் எழுப்பி வழிபட்டவர்கள் நம் ஆட்கள். 1910இல்தான் அது இடிக்கப்பட்டது. கல்யாணப் பேச்சில் அந்தச் சுவர் இன்னும் பல வீடுகளில் நிற்கிறது. குழந்தைகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமையை உலகின் பல மறைமாவட்டங்களில் நம் திருச்சபை அதிகாரமே மூடி மறைத்தது. இவற்றைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். செய்ததற்கும் மறைத்ததற்கும்தான் வெட்கப்பட வேண்டும்.

அப்படியானால் என்ன செய்வது? 1976இல் தீபகற்ப மலேசியாவின் ஆயர்களும் குருக்களும் ஒரு மாதம் கூடியிருந்து யோசித்துத் தீர்மானித்தார்கள். நாம் பி.இ.சி. என்று அழைக்கிற அன்பியங்கள் அந்தத் தீர்மானத்தில் வளர்ந்தவை. அன்பியத்தில் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து வேதம் வாசிக்க வேண்டும், தெருவின் துன்பத்தையும் சேர்ந்து சுமக்க வேண்டும். இன்று பல இடங்களில் ஜெபமாலை முடிகிறது, பலகாரம் வருகிறது, வீட்டுக்குப் போய்விடுகிறோம்.

நாம் சுமக்க வேண்டிய துன்பம் எது என்று அறிய, பதிவிலாகாவில் ஒரு நாள் நின்று பாருங்கள். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு தாய் நிற்பார். பிளாஸ்டிக் உறையில் கிளினிக் அட்டை, மடிப்பு விட்டுப்போன கல்யாணக் கடிதம். கையில் இருக்கிற மலாய்ப் பாரத்தை அவருக்குப் படிக்கத் தெரியாது. அந்தப் பத்திரம் இல்லாவிட்டால் பள்ளி முதல் வேலை வரை அந்தப் பிள்ளைக்குத் தடைதான். படித்த பிள்ளைகளே, பாரத்தை வாங்கி நிரப்பிக் கொடுங்கள். முகப்பில் அந்தத் தாய்க்காகப் பேசுங்கள். அவர் கும்பிடுவது முருகனையா மாதாவையா என்று கேட்காதீர்கள். ஞாயிறு திருப்பலியில் வாங்குகிற அப்பம் திங்கட்கிழமை செய்ய வேண்டிய வேலை இதுதான்.

இளைஞர்களே, உங்கள் கேள்வியைக் கைவிடாதீர்கள். எங்களைக் கேட்டுக்கொண்டே இருங்கள். எத்தனை பேர் கோவிலுக்கு வருகிறார்கள் என்று எண்ணுவதை நாங்களும் நிறுத்திக்கொள்கிறோம். கோவிலிலிருந்து எத்தனை பேர் யாருமற்றவரின் வாசலுக்குப் போகிறோம் என்று எண்ணுவோம். அந்தக் கணக்கு கூடினால் கத்தோலிக்க விசுவாசம் இந்த நூற்றாண்டிலும் வாழும், வாழ வைக்கும். புறப்படுவோம்!