தொட்டிலருகே ஒரு செவி

வீட்டில் முதற்குழந்தை பிறந்து பதினைந்து நாட்கள் ஆகியிருக்கும். நேரம் நள்ளிரவு. இதுவரை வீரிட்டழுத குழந்தை இப்போது உறங்கிவிட்டது. தாயும் உறங்கலாம், தந்தையும் உறங்கலாம். ஆயினும் இருவரும் விழித்திருக்கின்றனர். குழந்தை அழுதபோது ஏன் அழுகிறது என்று கவலை. இப்போது ஏன் ஓசையே இல்லை என்று கவலை. தந்தை மெல்ல எழுந்து சென்று, குழந்தையின் நாசியருகே விரலை நீட்டி, மூச்சுக்காற்று படுகிறதா என்று பார்த்துத் திரும்புகிறார். அரைமணி நேரத்தில் தாய் எழுந்து அதையே செய்கிறாள். இதைக் கேட்கும் மாணவ நண்பர்களுக்குச் சிரிப்பு வரலாம். உங்களுக்காகவும் ஒருவர் இப்படி விரல் நீட்டிப் பார்த்திருப்பார். வீட்டிற்குச் சென்றதும் கேட்டுப் பாருங்கள்.

இந்த அச்சத்திலிருந்து ஒரு கருவி பிறந்தது. வானொலியின் உடன்பிறப்பு என்றே அதைச் சொல்ல வேண்டும். ஆகவே அதன் கதையை வானொலியில் சொல்வது பொருத்தமே.

1927ஆம் ஆண்டில் அட்லாண்டிக் மாகடலைத் தனியாக, இடையில் எங்கும் இறங்காமல், விமானத்தில் கடந்து உலகப்புகழ் பெற்றவர் சார்லஸ் லிண்ட்பர்க். 1932 மார்ச் முதல் நாள் இரவு, நியூஜெர்சி மாநிலத்திலிருந்த அவருடைய இல்லத்தின் மாடியறையில் உறங்கிக்கொண்டிருந்த இருபது மாதக் குழந்தை களவாடப்பட்டது. பெற்றோர் அதே வீட்டில்தான் இருந்தனர். எவர் செவியிலும் குழந்தையின் குரல் விழவில்லை. மே மாதம் அதன் உடல் கிடைத்தது. அமெரிக்கப் பெற்றோர் அந்த ஆண்டில் எப்படி உறங்கியிருப்பர் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

ஜெனித் வானொலி நிறுவனத்தின் தலைவர் யூஜீன் மக்டொனால்டு என்பவருக்கும் ஒரு பெண்குழந்தை இருந்தது. குழந்தையின் அறையில் எழும் ஒலியைப் பெற்றோரின் அறையில் கேட்பிக்கும் கருவியொன்றை ஆக்குமாறு அவர் தம் பொறியியலாரைப் பணித்தார். ‘ரேடியோ நர்ஸ்’ என்பது அதன் பெயர். 1938இல் விற்பனைக்கு வந்தது. தொட்டிலருகே வைக்கும் பகுதிக்குக் ‘காவற்செவி’ என்று பொருள்படும் பெயரிட்டனர். கேட்கும் பகுதியின் உருவை அமைத்தவர் ஜப்பானியத் தந்தைக்கும் அமெரிக்கத் தாய்க்கும் பிறந்த சிற்பி இசாமு நொகுச்சி. முக்காடிட்ட செவிலியின் தலையைப் போலவும், வாட்பயிற்சியில் ஜப்பானியர் அணியும் முகமூடியைப் போலவும் தோன்றுமாறு பேக்லைட்டில் அதை வடித்தார். இன்று அது அருங்காட்சியகங்களில் இருக்கிறது.

அதன் இயக்கம் எளியது. காவற்செவி குழந்தையின் ஒலியை மின்னலைகளாக மாற்றி, வீட்டிலுள்ள மின்சாரக் கம்பியின் வழியே செலுத்தும். மற்றோர் அறையில் அதே கம்பியில் இணைத்த பகுதி அதை வாங்கி ஒலியாக்கும். பொதுவாக வானொலியில் ஒருவர் பேச, ஆயிரம்பேர் கேட்பர். இங்கோ தொட்டிலே நிலையம். நேயர் இருவர் மட்டுமே. ஆனால் குழந்தையின் குரலோடு அயல் ஒலிபரப்புகளும் இடையே புகுந்துவிடும். விற்பனையும் பெரிதாக அமையவில்லை.

பிற்காலத்தில் கருவிகள் பெருகின. ஒலியோடு நில்லாமல் மூச்சையும் இதயத்துடிப்பையும் எண்ணத் தொடங்கின. இதற்கு ஒரு காரணமுண்டு. முற்றும் நலமாக இருந்த சிசு உறக்கத்திலேயே இறந்துபோவதும், உடலைச் சோதித்தும் காரணம் புலப்படாமையும் மருத்துவர்களை நெடுங்காலம் வருத்தின. 1972இல் ஸ்டைன்ஷ்னைடர் என்ற அமெரிக்க மருத்துவர், மூச்சு நீண்டநேரம் நின்றுபோதலே இதற்குக் காரணமாகலாம் என்று எழுதினார். மூச்சைக் காவல்செய்தால் உயிரைக் காக்கலாம் என்ற எண்ணம் பரவி, வீடுகளில் அபாயமணிக் கருவிகள் புகுந்தன. அக்கட்டுரையில் விவரிக்கப்பட்ட குழந்தைகளுள் இருவரையும் அவர்தம் உடன்பிறந்தார் மூவரையும் தாயே கொன்றாள் என்று 1995இல் ஒரு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருத்துவ வரலாற்றில் இத்துணைத் துயரமான பிழை அரிது.

2001இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி 1,079 சிசுக்களைக் கருவிகொண்டு கண்காணித்தது. யாதொரு குறையுமற்ற குழந்தைகளுள்ளும் நூற்றுக்கு 43 பேருக்கு, ஒருமுறையேனும் அபாயக்குறி எனத்தக்க நிகழ்ச்சி பதிவாயிற்று. சிசுவின் மூச்சு கடிகாரம் போல் ஓடுவதன்று. விரைந்து ஓடும், ஐந்தாறு நொடி நிற்கும், மீண்டும் தொடரும். அது இயல்பு. குறைமாதக் குழந்தை முதலியோர்க்கு மருத்துவர் கருவியை விதிப்பது வேறு செய்தி. நலமான குழந்தையின் உயிரைக் காக்க இக்கருவிகளை நம்பலாகாது என்பதே அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் கருத்து.

அப்படியானால் உயிரைக் காத்தது எது? குழந்தையை மல்லாக்கக் கிடத்துதல். நம்புவதற்கு அரிதாக இருக்கிறதல்லவா? மேல்நாட்டில் பெரும்புகழ் பெற்ற டாக்டர் ஸ்பாக்கின் குழந்தை வளர்ப்பு நூல், 1950களின் பிற்பகுதியிலிருந்து, குழந்தையைக் குப்புறப் படுக்க வைப்பதே நன்று என்று சொல்லிவந்தது. மல்லாந்து கிடந்தால் வாந்தியெடுத்து மூச்சுத் திணறும் என்பது அதற்குச் சொன்ன நியாயம். கேட்பதற்குச் சரியென்றே தோன்றும். ஆனால் குப்புறப் படுத்த குழந்தைகளே மிகுதியாக இறந்தன. பிரிட்டனில் 1991இலும் அமெரிக்காவில் 1994இலும் மல்லாக்கக் கிடத்தும்படி இயக்கம் நடத்தினர். அமெரிக்காவில் இத்தகைய இறப்பு பத்தாண்டுக்குள் பாதிக்கும் கீழே சென்றது. 1970லேயே போதிய சான்று இருந்தது, அதை அன்றே தொகுத்துப் பார்த்திருந்தால் மேல்நாடுகளில் ஐம்பதினாயிரம் சிசுக்களேனும் பிழைத்திருக்கும் என 2005இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. கருவிகள் மூச்சை எண்ணிக்கொண்டிருந்த ஆண்டுகளும் அவையே.

சென்ற ஆண்டு என் மகன் வீட்டிற்குச் சென்றிருந்தேன். பேரன் பிறந்து ஒரு மாதம். காலுறை போன்ற ஒன்றை அவன் பாதத்தில் மாட்டியிருந்தனர். அது அனுப்பும் செய்தி மகனுடைய கைப்பேசிக்கு வரும். இரவு இரண்டு மணிக்கு அது அலறியது. ஐவரும் ஓடினோம். குழந்தை காலை உதைத்து உறையைக் கழற்றிவிட்டு, நிம்மதியாக உறங்கிக்கொண்டிருந்தான். எங்கள் கூச்சலில் விழித்து அழத் தொடங்கினான். மருமகள் பக்கத்தில் அமர்ந்து, ‘மாமா, அவன் தூங்குகிறான், நான்தான் ஒரு மாதமாகத் தூங்கவில்லை’ என்றாள். அவள் முகத்தைப் பார்த்தபின் என்னால் சிரிக்க இயலவில்லை.

மறுநாள் குழந்தை மருத்துவரிடம் சென்றோம். அவர் கருவியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எப்படிக் கிடத்துகிறீர்கள், மெத்தை கெட்டியானதா, தலையணையும் தடித்த போர்வையும் அருகில் இல்லையே, வீட்டில் எவரேனும் புகை பிடிப்பதுண்டா, குழந்தையின் படுக்கை உங்கள் அறையிலேயே தனியாக இருக்கிறதா என்று மட்டும் வினவினார். என் மனைவி அன்போடு தைத்துக் கொண்டுவந்த இலவம்பஞ்சுத் தலையணை அன்றே பரண்மேல் ஏறிற்று. அதில் அவளுக்குச் சிறிது வருத்தந்தான். காலுறையும் பெட்டிக்குள் போயிற்று. பகலில் மருமகள் சமையலறையில் இருக்கும்போது கேட்பதற்காக, ஒலியை மட்டும் தரும் சிறு கருவியொன்றை வைத்துக்கொண்டனர். இரவில் நானும் என் மனைவியும் மகனும் முறைபோட்டுக் கொண்டோம். முதல் முறை என்னுடையது. மருமகள் ஒன்பது மணிக்குப் படுத்தாள். பாலூட்ட எழுப்பும்வரை அவள் விழிக்கவில்லை. நான் மட்டும் இருமுறை எழுந்து பேரனின் நாசியருகே விரலை நீட்டிப் பார்த்தேன்.