அத்திம்பேர் சொன்ன ஒரு வார்த்தை
(நமது புனே கிளையின் குடும்ப சந்திப்பில் அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைப் பேசக் கூப்பிட்டபோது, "ரிடையர் ஆனவர், ஆரோக்கியம், சேமிப்பு என்று ஏதாவது சொல்லுங்கோ" என்றார். அதற்கெல்லாம் என்னைவிடத் தகுந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

2021-ல் என் பெண் ஹிஞ்சவடியில் பார்த்துக்கொண்டிருந்த சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டாள். தபால் மூலம் சமூகவியலில் எம்.ஏ. முடித்திருந்தாள். நெட் பரீட்சை எழுதி ஜே.ஆர்.எஃப். வாங்கியிருந்தாள். "தொழில், நிறுவனங்கள் பற்றிய சமூகவியலில் பி.எச்.டி. பண்ணப் போறேன்" என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. "முப்பத்தைந்து வருஷம் பர்சனல் டிபார்ட்மெண்டில் இருந்தவன் நான். தொழிற்சாலையைப் பற்றி எனக்குத் தெரியாததையா நீ ஆராய்ச்சி பண்ணப் போறே?" என்று கேட்டேன்.

அவள் பதில் சொல்லவில்லை. சில மாதம் கழித்து, நேர்காணல் எடுத்துப் பழக வேண்டும் என்று ஒலிப்பதிவுக் கருவியோடு என் எதிரில் உட்கார்ந்தாள். முதல் கேள்வி: "அப்பா, நீங்க எப்படி வேலைக்குச் சேர்ந்தேள்?"

"இண்டர்வியூவில் தேறி, என் மார்க்கால் சேர்ந்தேன்" என்றேன்.

"அந்த இண்டர்வியூ நடக்கப் போறதுன்னு யார் சொன்னா?"

யோசித்துப் பார்த்தேன். 1980-ல் கும்பகோணத்திலிருந்து வந்து இறங்கினேன். பிம்ப்ரியில் அத்திம்பேர் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஓர் இடம் காலியாக இருப்பதாக அவர்தான் சொன்னார். மேலதிகாரியிடம் ஒரு வார்த்தையும் சொல்லி வைத்தார். தங்கியதும் அவர் வீட்டில்தான். மார்க் என்னுடையது, சந்தேகமில்லை. ஆனால் அதே மார்க் வைத்திருந்து, பிம்ப்ரியில் அத்திம்பேர் இல்லாத பையனுக்கு அந்தக் கதவு இருப்பதே தெரிந்திருக்காது.

பிறகு அவள் எனக்குச் சில புத்தகங்களைக் கொடுத்தாள். ரிச்சர்டு லாம்பெர்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1957-ல் நம் பூனாவிலேயே ஐந்து தொழிற்சாலைகளில் ஆய்வு செய்து, 1963-ல் புத்தகமாக வெளியிட்டிருக்கிறார். தொழிலாளி தன் வேலையை ஒரு சொத்துரிமை போலப் பார்க்கிறான் என்பது அதில் முக்கியமான முடிவு. சொத்து என்று வந்துவிட்டால் சொந்தக்காரர்களுக்குத்தானே போகும்! என் அத்திம்பேர் செய்ததும் அதுதான்.

இது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. மார்க் கிரானவெட்டர் என்பவர் ஹார்வர்டில் செய்த பி.எச்.டி. ஆய்வு 1974-ல் புத்தகமாக வந்தது. பாஸ்டன் அருகிலுள்ள நியூட்டன் என்ற ஊரில், படித்த உத்தியோகஸ்தர்கள் எப்படி வேலை தேடிக்கொண்டார்கள் என்று விசாரித்தார். பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தெரிந்தவர் மூலமாகத்தான் வேலை கிடைத்திருந்தது. அந்தத் தெரிந்தவரும் பெரும்பாலும் நெருங்கிய நண்பரல்ல, எப்போதாவது பார்க்கிறவர். சிபாரிசு அமெரிக்காவிலும் உண்டு, பெயர்தான் வேறு.

இதுவரை எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. அடுத்து அவள் கொடுத்ததைப் படித்தபோது சிரிப்பு வரவில்லை. ஜோத்கா, நியூமன் என்ற இருவர், தில்லியில் பெரிய கம்பெனிகளின் மனிதவள மேலாளர்களைப் பேட்டி கண்டு 2007-ல் எழுதிய கட்டுரை அது. எல்லாரும் "தகுதி மட்டுமே பார்க்கிறோம்" என்றார்களாம். அதே மூச்சில், "குடும்பப் பின்னணியும் கேட்போம்" என்றார்களாம். அதே வருஷம் தோரட், அட்டவெல் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், ஒரே மாதிரி படிப்புள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள். உயர்சாதிப் பெயருக்கு வந்த அளவு அழைப்பு தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் வரவில்லை.

நானும் அதே கேள்வியைக் கேட்டவன்தான். "அப்பா என்ன பண்றார்?" ஒரு முறை சோலாப்பூர் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். டிப்ளமாவில் நல்ல மார்க். எழுத்துத் தேர்விலும் முதல். "அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார்" என்றான். இங்கிலீஷ் தடுமாறியது. நான் தாளில் 'பொருந்தமாட்டார்' என்று எழுதினேன். எதற்குப் பொருந்தமாட்டான்? மெஷினுக்கா, எங்கள் பேச்சுக்கா? என்னை அன்று யாரும் கேட்கவில்லை. நாற்பது வருஷம் கழித்து என் பெண் கேட்டாள்.

முப்பத்தைந்து வருஷம் அந்த வேலையில் இருந்தும் நான் பார்க்காததை அந்தப் படிப்பு அவளைப் பார்க்க வைத்தது. இயந்திரத்தைப் புரிந்துகொள்ள எஞ்சினீயரிங் வேண்டும். யார் உள்ளே வருகிறார்கள், யார் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள் என்று புரிந்துகொள்ள இந்தப் படிப்பு வேண்டும். நம்மையே ஆராய்ந்தும் புத்தகம் வந்திருக்கிறது. ஃபுல்லரும் ஹரிப்ரியா நரசிம்மனும் 2014-ல் வெளியிட்டார்கள். அக்ரஹாரத்திலிருந்து ஆபீசுக்கு, பிறகு சாஃப்ட்வேருக்கு என்று நாம் வந்த வழி அதில் இருக்கிறது. நிலமும் படிப்பும் முன்னாலேயே கையில் இருந்ததால் வந்த வழி என்பதை நாம் மறக்கக் கூடாது.

பெற்றோர்கள் கேட்கப்போகும் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 2022-ஆம் வருஷத்து யு.ஜி.சி. விதிப்படி பி.எச்.டி.க்குக் குறைந்தது மூன்று வருஷம், அதிகபட்சம் ஆறு. பெண்களுக்கு மேலும் இரண்டு வருஷம் வரை கொடுக்கலாம். ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் ரூ.37,000 ஆனது. சாஃப்ட்வேர் சம்பளம் இல்லைதான். பட்டினியும் இல்லை. டாக்டர் பட்டம் வாங்கியவுடன் வேலை காத்திருக்கும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அந்தக் கவலை எனக்கும் இருக்கிறது.

ஆனாலும் உங்கள் வீட்டுக் குழந்தை இப்படி ஒரு படிப்பைக் கேட்டால், என்னைப் போல முதலில் கோபிக்காதீர்கள். ஒரு நாள் அவர்கள் எதிரில் உட்கார்ந்து, கேட்கும் கேள்விக்கு உண்மையாகப் பதில் சொல்லிப் பாருங்கள்.

அந்த சோலாப்பூர் பையன் இப்போது எங்கே இருக்கிறானோ, எனக்குத் தெரியாது. அவன் பெயரும் மறந்துவிட்டது. நான் எழுதிய அந்த ஒரு வார்த்தை மட்டும் மறக்கவில்லை.