நெற்றிச் சுருக்கமும் நீண்டகால ஊசியும்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில், நரம்பியல் மறுவாழ்வுப் பிரிவில் வைத்தியராகப் பணியாற்றும் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



"ஆரோக்கியம் பற்றி ஏதாவது கதையுங்கோ" என்று செயலாளர் கேட்டார். நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் பற்றி நீங்கள் கேட்டுச் சலித்திருப்பீர்கள். என்னிடம் எங்கள் வகுப்புத் தோழிகள் தனியாகக் கேட்கும் கேள்வி வேறு. "முகத்துக்குப் போடுற ஊசி இப்ப முன்னைப்போல வேலை செய்யுதில்லை, ஏன்?" சென்ற வருடம் மூன்று பேர் கேட்டார்கள். பெயர் சொல்ல மாட்டேன். ஆகவே பக்கத்திலிருப்பவரின் நெற்றியைத் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

பொட்டொக்ஸ் என்று பொதுவாகச் சொல்லப்படும் மருந்து உண்மையில் ஒரு நஞ்சு. 1895இல் பெல்ஜியத்தின் ஒரு கிராமத்தில் மரணவீட்டுக்கு வாத்தியம் வாசிக்க வந்தவர்கள் பதப்படுத்திய பன்றி இறைச்சியை உண்டு, உடல் செயலிழந்து விழுந்தார்கள்; மூவர் இறந்தார்கள். அந்த இறைச்சியிலிருந்தே எமில் வான் எர்மெங்கெம் என்ற பேராசிரியர் அதற்குக் காரணமான பற்றீரியாவைக் கண்டுபிடித்தார். அந்த நஞ்சை மிகச் சிறிய அளவில் மருந்தாக்கியவர் சான் பிரான்சிஸ்கோவின் கண் வைத்தியர் அலன் ஸ்கொட். மாறுகண்ணுக்கும் கண்ணிமை இறுக்கத்துக்கும் 1989இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சுருக்கம் போகும் என்பது தற்செயலாக வெளிப்பட்ட விடயம். வன்கூவரில் கண் வைத்தியர் ஜீன் கருதர்ஸிடம் இமை இறுக்கத்துக்கு ஊசி போட வந்த பெண்ணொருவர், புருவங்களுக்கு நடுவிலும் போடும்படி கேட்டாராம். அங்கே போட்டால் முகம் கவலையற்றுத் தெரிகிறது என்று. ஜீனும் தோல் வைத்தியரான கணவர் அலஸ்ரெயரும் 1992இல் இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். 2002இல் புருவச் சுருக்கத்துக்கும் அமெரிக்க அனுமதி வந்தது. எங்கள் கணித ரீச்சருக்கு அந்தக் காலத்தில் இந்த ஊசி கிடைத்திருந்தால் பத்தாம் வகுப்பில் நாங்கள் ஒருவரும் பயந்திருக்க மாட்டோம்.

நரம்பு தசைக்குச் செய்தி அனுப்பும் இடத்தில் இந்த மருந்து கதவைப் பூட்டிவிடுகிறது. தசை ஓய்கிறது. மூன்று நான்கு மாதங்களில் நரம்பு மீண்டும் வழி அமைத்துக்கொள்கிறது. ஆனால் இது ஒரு புரதம் என்பதை நாம் மறக்கிறோம். அந்நியப் புரதத்தைத் திரும்பத் திரும்பக் காணும் உடல் சிலரில் அதற்கு எதிராகப் பிறபொருளெதிரிகளை உண்டாக்குகிறது. தடுப்பூசி வேலை செய்யும் அதே முறைதான். அதற்குப் பிறகு எவ்வளவு போட்டாலும் மருந்து நரம்பை அடையுமுன் முடக்கப்படும்.

பயப்படுத்த வரவில்லை. புருவத்துக்கு வழமையாகப் போடும் 20 அலகுகளோடு, உரிய இடைவெளியோடு நிற்பவர்களில் இது மிக அரிது. தொடக்ககாலப் பொட்டொக்ஸில் 100 அலகுகளுக்கு 25 நனோகிராம் புரதம் இருந்தது. 1997இலிருந்து அது 5 ஆகக் குறைக்கப்பட்டது, எதிர்ப்பும் நன்றாகக் குறைந்தது. துணைப் புரதங்கள் நீக்கிய தயாரிப்பும் இப்போது இருக்கிறது. கேட்ட மூவரில் ஒருவருக்கு எதிர்ப்பே இல்லை. வயதோடு நிலைத்துவிட்ட கோடுகள் அவருடையவை. தசை அசையாவிட்டாலும் அவை தெரியும். இன்னொருவர் ஒரு வீட்டின் முன்னறையில் மலிவாகப் போட்டுக்கொண்டவர். குப்பியைக்கூடக் கண்டதில்லை. உள்ளே என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

மூன்றாமவர்தான் இந்தப் பேச்சுக்குக் காரணம். அவருடைய அனுமதியோடுதான் சொல்கிறேன். பன்னிரண்டு வருடங்கள் ஊசி போட்டவர். முதலில் நெற்றி. பிறகு தாடை ஒடுங்க, தோள் மெலிய, கெண்டைக்கால் மெலிய. பெரிய தசைகளுக்கு நெற்றியைவிடப் பல மடங்கு அலகுகள் வேண்டும். போதாதென்று, ஆறு வாரத்துக்கொருமுறை "சின்னத் திருத்தம்". சென்ற வருடம் அவருடைய கழுத்து தானாக ஒரு பக்கம் திரும்பத் தொடங்கியது. கழுத்துத் தசைப்பிடிப்பு நோய். கரண்டி வாய்க்குப் போகாது, வாகனம் ஓட்ட முடியாது. அதற்கு முதன்மையான சிகிச்சை இதே மருந்துதான். இரண்டு முறை போட்டும் கழுத்து அசையவில்லை.

எளிய சோதனை ஒன்று உண்டு. நெற்றியின் ஒரு பக்கத்தில் மட்டும் போட்டு, இரண்டு வாரம் கழித்துப் புருவத்தை உயர்த்தச் சொல்வோம். மருந்து வேலை செய்தால் ஒரு பக்கம் உயராது. அவருக்கு இரு பக்கமும் ஒரே மாதிரி உயர்ந்தன. பன்னிரண்டு வருடமாக அழித்த கோடுகள் அத்தனையும் வரிசையாக நின்றன. கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு அவர் அழுதார்.

பி வகை நச்சு என்ற மாற்று மருந்து இருக்கிறது. இப்போது அதைத்தான் போடுகிறோம். வாய் வறளுகிறது, பலன் குறைவு, அதற்கும் எதிர்ப்பு வரலாம். ஊசியை நிறுத்திச் சில வருடங்கள் பொறுத்தால் சிலருக்குப் பிறபொருளெதிரி தணிவதுண்டு; உறுதி சொல்ல முடியாது.

என் விடுதியில் பாரிசவாதம் வந்தவர்களின் கை சில வேளை இறுகி, நகம் உள்ளங்கையில் புதைந்திருக்கும். கழுவக்கூட விரிக்க முடியாது. இந்த ஊசி போட்ட சில வாரங்களில் மகள் அந்த விரல்களை விரித்துத் துடைப்பதைப் பார்ப்பேன். நாட்பட்ட ஒற்றைத் தலைவலிக்கும், அடக்க முடியாத சிறுநீர்ப் பிரச்சினைக்கும் இதே மருந்துதான். எங்கள் வயதில் இவை எதுவும் தூரத்தில் இல்லை.

போடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். அழகாயிருக்க ஆசைப்படுவதை நான் குறை சொல்ல மாட்டேன். போடுகிறவர்கள் மூன்று மாதத்துக்கு முன் மறுபடி போட வேண்டாம். இடையில் திருத்தமும் வேண்டாம். குறைந்த அலகே போதும். எந்தத் தயாரிப்பு, எத்தனை அலகு, தொகுதி எண், திகதி ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். டிஸ்போர்ட்டின் அலகும் பொட்டொக்ஸின் அலகும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். வேறு நோய்க்கு வைத்தியரிடம் போகும்போது அந்தக் கொப்பியையும் கொண்டு போங்கள். வெட்கப்பட்டு மறைத்ததால் என் தோழிக்கு இரண்டு ஊசிகளும் ஆறு மாதமும் வீணாகின.

மிச்சக் கேள்விகளைத் தேநீர் வேளையில் கேளுங்கள்.