ஆஸ்பத்திரிக்கு கிரேடிங் வரும்போது நாம் என்ன சொல்ல வேண்டும்?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

நான் பத்தாவது வரை படித்தவள். வீட்டு வேலையும் குழு வேலையும்தான் தெரியும். பத்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். கொஞ்சம் கூடினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சோதனை போட வருகிறார்களே, அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அது டாக்டர் பாடு, நர்ஸம்மா பாடு, நமக்கு என்ன என்று நிறையப் பேர் நினைக்கிறோம். ஆனால் நம் குழுவுக்கு கிரேடிங் வந்தபோது என்ன நடந்தது, யோசித்துப் பாருங்கள். பேங்க்கில் லோன் தருவதற்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். தீர்மான நோட்டைப் பார்த்தார்கள், பேரேட்டைப் பார்த்தார்கள். ஊக்குநர் அக்கா எல்லாவற்றையும் கடகடவென்று சொன்னார்கள். வந்த அம்மா அதைக் கேட்டுக்கொண்டே, கடைசியில் கதவோரம் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்த உறுப்பினரிடம், "உங்க சேமிப்பு எவ்வளவும்மா இருக்கு, போன கூட்டத்துல யாருக்குக் கடன் கொடுத்தீங்க?" என்று கேட்டார்களா இல்லையா? நோட்டில் எழுதியது உண்மையா என்பது அந்தக் கதவோரத்துப் பதிலில்தான் தெரியும்.

ஆஸ்பத்திரிச் சோதனையும் அப்படித்தான். தேசிய தரச் சான்று என்று ஒன்று இருக்கிறது. 2013-இல் மத்திய அரசு பெரிய ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுவந்தது. அடுத்த வருஷம் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் வந்தது. எட்டுத் தலைப்பில் பார்க்கிறார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் முழுசாக இருந்தால் 2, பாதி இருந்தால் 1, இல்லையென்றால் 0. மொத்தத்தில் நூற்றுக்கு 70 வர வேண்டும். சான்று கிடைத்தாலும் 3 வருஷம்தான் செல்லும், பிறகு மறுபடி வருவார்கள். கண்ணால் பார்ப்பது, அங்கே வேலை செய்கிறவர்களிடம் கேட்பது, ரிஜிஸ்டரைப் புரட்டுவது, நோயாளியிடம் கேட்பது என்று நாலு வழியில் மார்க் போடுகிறார்கள். அந்த நாலாவது வழி நாம்தான். பெஞ்சில் சீட்டோடு உட்கார்ந்திருக்கிற நாம்.

என்னென்ன பார்க்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது தடுப்பூசிப் பெட்டி. நம் வீட்டு ஃபிரிட்ஜ் மாதிரிதான் இருக்கும், ஆனால் உள்ளே 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள்தான் இருக்க வேண்டும். தினமும் காலையும் சாயங்காலமும் அளவு பார்த்து எழுதி வைக்க வேண்டும். கூடினாலும் மருந்து கெடும், சில மருந்து உறைந்துபோனாலும் கெடும். மருந்துக் குப்பியின் மேல் ஒரு சின்ன வட்டமும், அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருக்கும் வரை அந்த மருந்தைப் போடலாம். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். தட்டம்மை ரூபெல்லா மருந்தைத் திறந்தால் 4 மணி நேரம்தான் கெடு. அதனால் திறந்த நேரத்தைக் குப்பியிலேயே எழுத வேண்டும். இதையெல்லாம் படிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். கருவாடு வாங்கும்போது புரட்டிப் பார்க்கிறோமே, அந்தக் கண்ணு போதும்.

அடுத்தது குப்பை. மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நாலு நிறத்தில் வைத்திருப்பார்கள். ரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத் துணி மஞ்சளில். குளுக்கோஸ் பாட்டில், டியூப் சிவப்பில். கண்ணாடிக் குப்பி நீலத்தில். ஊசி முனை, பிளேடு எல்லாம் குத்தினாலும் ஓட்டை விழாத வெள்ளை டப்பாவில். 2016-ஆம் வருஷச் சட்டப்படி இது கட்டாயம். நம் குழுக்களிலேயே தூய்மைக் காவலர் வேலை பார்க்கிற அக்காமார் இருக்கிறார்கள். சாதாரணக் குப்பையோடு ஒரு ஊசி கலந்து வந்தால் அது முதலில் குத்துவது அவர்கள் கையில்தான். இந்த டப்பா நிறம் எனக்கு வெறும் அழகு விஷயமாகத் தெரியாததற்கு அதுதான் காரணம்.

காலாவதி மாத்திரை, அவசர மருந்துத் தட்டு, ஆக்சிஜன் சிலிண்டர், சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம், பெண்களைப் பரிசோதிக்கும் இடத்தில் திரை என்று இன்னும் நிறைய இருக்கிறது. எல்லாம் சொன்னால் சாப்பாடு ஆறிவிடும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை, கேட்காதீர்கள். முன்னோட்டமாகப் பார்க்க ஒரு குழு வருகிறது என்று தெரிந்ததும் அங்கே வெள்ளையடித்தார்கள், பூந்தொட்டி வைத்தார்கள். நம் பெண்கள் பேசி வைத்துக்கொண்டார்கள்: "யார் என்ன கேட்டாலும் எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லிருவோம். பாவம், நர்ஸம்மா. ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் போட்டாலும் எடுக்கிற பிள்ளை." அதில் பொய்யே இல்லை. எனக்கும் அந்த நர்ஸம்மா மேல் அவ்வளவு மரியாதை.

ஆனால் அந்த நிலையத்தில் பெண்கள் கக்கூஸ் ஏழெட்டு மாதமாகப் பூட்டிக் கிடந்தது. மோட்டார் ஓடவில்லை. மாதாமாதம் செக்கப்புக்கு வரும் கர்ப்பிணிகள் சிறுநீர் சோதனைக்குப் பக்கத்து வீடுகளில் போய்க் கேட்டு நின்றார்கள். சிலர் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வந்தார்கள். மாசமா இருக்கிற பிள்ளை தண்ணி குடிக்காமல் வருவது எவ்வளவு கெடுதல் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

வந்த குழுவில் ஒரு டாக்டரம்மா பெஞ்சில் வந்து உட்கார்ந்து கேட்டார்கள். முதல் மூன்று பேர் "நல்லா இருக்கு மேடம்" என்றார்கள். நாலாவதாக இருந்தது என் மதினி. அவர் சொன்னார்: "நர்ஸம்மா தங்கமான பிள்ளைங்க. அதுக்காகக் கக்கூஸ் பூட்டிக் கிடக்கிறதச் சொல்லாம இருக்க முடியுமா? அதுவுந்தான் அந்தக் கக்கூஸுக்குப் போகணும்."

எல்லோருக்கும் திக்கென்று ஆகிவிட்டது. வெளியே வந்ததும் மதினியைப் பிடித்துத் திட்டாத ஆள் இல்லை. ரெண்டு பேர் ஒரு மாதம் பேசவில்லை. என் வீட்டுக்காரர்கூட, "உங்க அண்ணிக்கு வாய் ஜாஸ்தி" என்றார்.

பிறகுதான் தெரிந்தது. அந்த நர்ஸம்மா மோட்டாருக்காக மூன்று முறை எழுதிப் போட்டிருக்கிறார், ஒன்றும் நடக்கவில்லை. சோதனை அறிக்கையில் "நோயாளிகள் சொன்னது" என்று ஏறிய பிறகு மூன்று வாரத்தில் மோட்டார் வந்தது, தாழ்ப்பாள் வந்தது, உள்ளே பக்கெட்டும் வந்தது. நர்ஸம்மா மதினி வீட்டுக்கே வந்து, "நான் எழுதினா கடுதாசி, நீங்க சொன்னா மார்க்கு" என்று சிரித்துவிட்டுப் போனார். அந்த மார்க் தனி ஆளுக்குப் போடுவது இல்லை, இடத்துக்குப் போடுவது. இது நமக்கு முன்னாலேயே தெரிந்திருந்தால் அந்தச் சண்டையே வந்திருக்காது.

வெளிநாட்டிலும் இது உண்டு. என் நாத்தனார் மகள் இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கிறாள். அங்கே கிராமத்துக் குடும்ப டாக்டர்களின் கிளினிக்கைக்கூட சி.க்யூ.சி. என்ற அமைப்பு சோதிக்கிறது. பாதுகாப்பாக இருக்கிறதா, வைத்தியம் பலன் தருகிறதா, அன்பாக நடத்துகிறார்களா, தேவைக்கு உதவுகிறார்களா, நிர்வாகம் சரியாக இருக்கிறதா என்று ஐந்து கேள்வி. கிடைத்த தரத்தை, மோசமாக இருந்தாலும், ஜனங்கள் பார்க்கிற இடத்தில் மாட்டியே ஆக வேண்டுமாம். நம் பக்கத்தில் நல்ல மார்க்கைத்தான் மாட்டுவோம். அது வேற கதை.

தனியார் கிளினிக்குக்கும் நம் தமிழ்நாட்டில் 1997-ஆம் வருஷச் சட்டம் இருக்கிறது. பதிவு செய்து சான்றிதழ் வாங்க வேண்டும். டாக்டரின் பதிவு எண் கிளினிக்கிலும் மருந்துச் சீட்டிலும் இருக்க வேண்டும். ஒரு இடத்தில் என் மாமியாருக்கு மூட்டு வலிக்கு ஊசி போட்டார்கள். சீட்டு கேட்டேன். "எதுக்கும்மா சீட்டு, வலி போச்சா இல்லையா?" என்றார்கள். வலி போனது, ரெண்டு நாள் கழித்து முகம் வீங்கியது. என்ன மருந்து போட்டார்கள் என்று அடுத்த டாக்டர் கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. இப்போது சீட்டு தராத இடத்தில் நான் ஊசி போட விடுவதில்லை.

நம்மிலும் சிலர் சோதனைக்கு உட்பட்டவர்கள்தான். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதிலிருந்து நம் குழுப் பெண்களே பிரஷர் மிஷினைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிறார்கள். பேட்டரி இறங்கிய மிஷின் தப்புக் கணக்குக் காட்டும். யாராவது "மிஷின் சரியா இருக்காக்கா?" என்று கேட்டால் கோபப்படாதீர்கள்.

கடைசியாக ஒன்று. நிலையங்களில் நோயாளர் நலச் சங்கம் இருக்கிறது. அதன் கூட்டத்துக்கு நம் கூட்டமைப்பிலிருந்து யார் போவது என்று இன்னும் முடிவாகவில்லை. சாப்பாடு முடிந்ததும் ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒரு பெயர் எழுதிச் செயலாளர் அக்காவிடம் கொடுத்துவிடுங்கள். என் மதினி பெயரை நானே எழுதிவிட்டேன், அவரிடம் இன்னும் சொல்லவில்லை.